முந்திக்கொண்ட கொடி

காட்டூரில் தேவதர்ஷினி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். "வளவன் சம்சாரம், ஸ்ரீரங்கத்துல கம்ப்யூட்டர் வேலை" என்றால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். என்ன கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவள் மாமியாருக்கே இன்றுவரை விளங்கவில்லை. முசிறிப் பக்கம் வாழை போட்ட குடும்பத்துப் பெண். கெர்னல் டிரைவர் எழுதுகிறவள். அதாவது, யார் கண்ணிலும் படாமல் கம்ப்யூட்டரின் அடியாழத்தில் ஓடும் நிரல். வாய் கொஞ்சம் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். தன் கையால் எழுதியதில் ஒரு வரியைக் குறை சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வளவன் துவாக்குடியில் ஒரு தனியார் ஷெட்டில் ஃபோர்மேன். வெல்டிங் முடிந்த பெரிய இரும்புக் கலன்களுக்குள் காற்றை அழுத்தி ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பது அவன் பிரிவு. பார்த்த பிறகு காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் மூடியின் போல்ட்டில் ஸ்பானரை வைக்க வேண்டும். உள்ளே காற்று மிச்சமிருந்தால் மூடி பறக்கும், எதிரே நிற்கிற ஆளும் மிஞ்சமாட்டான். அந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

காற்று இறங்கிவிட்டதா என்று சொல்லும் பெட்டியை அந்த ஷெட்டுக்குச் செய்து கொடுத்தது தேவதர்ஷினியின் ஆபீஸ். கேலிக்குக் கேட்கவா வேண்டும்! "அண்ணே, வீட்டுலயும் அண்ணி சொன்னாத்தான் அசையறீங்க, இங்கயும் அண்ணி வச்ச விளக்கு எரிஞ்சாத்தான் அசையறீங்க" என்பான் பெஞ்சமின், வளவனுக்குக் கீழே வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் நேராக இவர்கள் வீட்டுக்கு வந்து, மீன் குழம்பை அடுப்படியிலேயே ருசி பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டு.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள்ளே மென்பொருளாலேயே கட்டிய இன்னொரு கம்ப்யூட்டர். வெளியே இருப்பது ஹோஸ்ட், உள்ளே குடியிருப்பது கெஸ்ட். கெஸ்ட் அழுத்தத்தை அளந்து, இருவருக்கும் பொதுவான நினைவகத்தில் ஒரு கட்டத்தில் எழுதும். எழுதியாயிற்று என்று காட்ட ஒரு கொடியைத் தூக்கும். ஹோஸ்ட் கொடியைக் கண்டதும் கட்டத்தைப் படிக்கும். அதில் பூஜ்யம் இருந்தால் பச்சை விளக்கு. ஒருமுறை எரிந்தால் அடுத்த சோதனை வரை அணையாது.

சிப்புகளுக்கு அவசரம் அதிகம். எண்ணை முதலில் எழுது, கொடியைப் பிறகு தூக்கு என்று படித்துப் படித்துச் சொன்னாலும், சில சிப்புகளில் கொடி முந்திக்கொண்டு அடுத்தவர் கண்ணில் பட்டுவிடும். அப்போது ஹோஸ்ட் படிப்பது அந்தக் கட்டத்தில் கிடக்கும் பழைய எண்ணை. காற்று ஏற்றும் முன்பு எழுதிய பூஜ்யமாகவும் இருக்கலாம். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே, முன்னது முடியாமல் பின்னது நகரக்கூடாது என்று ஒரு தடுப்பு போடுவார்கள். தேவதர்ஷினியும் போட்டிருந்தாள்.

அன்று காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே வளவன் சொன்னான்: "நேத்து ஒங்க பச்சை சீக்கிரமே வந்துடுச்சு. பெஞ்சமின் ஸ்பானரோட கெளம்பிட்டான். நான் சின்ன வால்வைத் தெறந்து பாத்தா, உஸ்ஸுங்குது."

"அய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன, சட்டையப் புடிச்சு இழுத்துட்டேன். நான் வால்வைத் தெறந்து பாக்காம யாரையும் விடமாட்டேன்ல. அது குழாய்லதான் ஏதோ அடைப்பு. நீ எழுதினது தப்பாவுமா?"

அந்த நம்பிக்கைதான் அவளைத் தின்றது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம்தான் ஷெட்டில் பழைய பெட்டியை எடுத்துவிட்டு வேறு சிப் போட்ட சின்னப் பெட்டியை வைத்தார்கள். நிரல் அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை.

அம்மா மண்டபம் ரோட்டில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் ஆபீஸ். "எத்தனை வருஷமா ஓடுது, இன்னிக்கு என்னம்மா புதுசா?" என்றார் முதலாளி பாக்கியநாதன். அவள் காதில் வாங்கவில்லை. தான் எழுதிய நிரலை விட்டுவிட்டு, அது சிப்புக்குக் கட்டளையாக மாறிய வடிவத்தைத் திறந்தாள். எண்ணை எழுது. கொடியைத் தூக்கு. நடுவே ஒன்றுமில்லை.

தடுப்பைக் காணோம்! எப்படிப் போயிற்று என்று உடனே உறைத்துவிட்டது. கெஸ்ட்டை எவ்வளவு இளைக்க வைக்கிறோம் என்பதில் அந்த ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு பெருமை. அவளும் அதை ஒற்றைச் சிப்புக்கென்று கட்டியிருந்தாள். தனியாள் வீட்டில் வரிசை மாறினால் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று, கெஸ்ட்டின் அடித்தள நிரலான கெர்னலே அந்தத் தடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டது. வெளியே ஹோஸ்ட் பார்த்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. பழைய சிப் தன் குணத்தால் எழுதும் வரிசையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. புதியதற்கு அந்தக் குணம் கிடையாது.

"கடவுளே, பச்சை பொய்" என்றாள் வாய்விட்டு.

சோதனை நேரத்தில் செல்போனெல்லாம் லாக்கரில் இருக்கும். ஷெட்டின் கேட்டுக்கு அடித்தாள். காவலாளி நல்லதம்பி எடுத்தார்.

"அண்ணே, தேவதர்ஷினி பேசறேன். அவரைக் கூப்பிடுங்க, அவசரம்!"

"காத்து எறக்கிக்கிட்டு இருக்காங்கம்மா. முடிஞ்சதும் வரச் சொல்லவா?"

"இல்லண்ணே, இப்பவே! ஓடுங்க!"

போனை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நல்லதம்பியின் குரல், தூரத்தில்: "வளவா! வீட்டுல இருந்து போன்! அவசரமாம், ஓடியா!" தேவதர்ஷினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அவன் ஓடிவரும் சத்தம் கேட்டபோது, அப்பாடா என்று உயிர் வந்தது அவளுக்கு.

"என்ன தேவி? அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"அம்மா நல்லாருக்காங்க. பச்சையை நம்பாதீங்க! பொய்யா எரியுது. யாரையும் கிட்ட விடாதீங்க!"

"எரிஞ்சிடுச்சே இப்ப. அங்க பெஞ்சமின்..."

அந்தச் சத்தம் போனில் முழுதாகக்கூட வரவில்லை. ஏதோ கிழிந்ததுபோல் ஒன்று, அவ்வளவுதான். பிறகு ஓட்டம், கூச்சல், பெஞ்சமினின் பெயரைச் சொல்லி யாரோ கத்துவது. அவள் "ஹலோ, ஹலோ" என்று அலறினாள். எடுக்க ஆளில்லை. சோதனையை நிறுத்துங்கள் என்று நல்லதம்பியிடமே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் அவசரம் என்பதை மட்டும் முதலில் அனுப்பிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாக்கியநாதன் ஏதோ கேட்டார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து வளவன் போனை எடுத்தான். அழுகை இல்லை, கோபமும் இல்லை. தெரியாதவரிடம் விவரம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"நான் அங்க நின்னிருந்தா அவனை விட்டிருக்க மாட்டேனே. என்னை எதுக்குக் கூப்பிட்ட?"