ஸ்டெல்லா வீட்டுக்குப் போக முதல் கான்வாய்

போன ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை அந்தமானில் இருக்கிற பாராடாங் தீவுக்குப் போனேன். சுண்ணாம்புக் குகை பார்க்க அல்ல. சேற்று எரிமலை பார்க்கவும் அல்ல. (அதைப் பார்த்தவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்: புளித்த மாவு குமிழி விடுவதுபோல் இருக்குமாம். அதற்கு எதற்கு நூறு கிலோமீட்டர், என் அடுப்படிக்கு வாருங்கள், இலவசம்.) நான் போனது ஒரு பெண்பிள்ளையின் வீட்டுக்கு. அங்கே போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போர்ட் பிளேரில் அபர்டீன் பஜாரில் பிளவுஸ், சுடிதார் தைப்பது என் பிழைப்பு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை அன்று காய்ச்சல். இந்த இணையப் பக்கத்துக்குக்கூட நான் போனில் பேசித்தான் தருகிறேன், என் மகள் எழுத்தைச் சரிசெய்து போடுகிறாள். இப்படிப்பட்ட என்னைத்தான் ஊரில் ஒரு சங்கம் துணையாளராகச் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு படகுத்துறைப் பக்கம் சுற்றுகிற, வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் ஒரு பெரிய ஆளைச் சேர்த்துவிடுவது அவர்கள் வேலை. ஞாயிறு இரண்டு மணி நேரம் கூட இருந்தால் போதும், பாடம் சொல்லித்தர வேண்டாம் என்றார்கள். அப்பாடா என்று கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு வந்தவள் ஸ்டெல்லா. இப்போது பதினேழு வயது. அப்பா ராமநாதபுரத்துக்காரர், இப்போது இல்லை. அம்மா ராஞ்சிக்காரர், மாயாபந்தரில் வேறு குடும்பம். பாராடாங்கில் இருக்கிற சித்தப்பாதான் காப்பாளர். போர்ட் பிளேரில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு வரை படித்தாள். (ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியாகிவிட்டது, தெரியும். வாய்தான் மாறவில்லை.) முதல் ஞாயிறே என்னை மேலும் கீழும் பார்த்து, "மாமி, நீங்க பஸ்ல ஏறுனா ரெண்டு டிக்கெட் கேப்பாங்களா?" என்றாள். "நீ ஏறுனா டிக்கெட்டே வேணாம்டி, குடைன்னு நெனச்சு மூலையில சாத்தி வச்சிருவான்" என்றேன். அன்றைக்கே ஒட்டிக்கொண்டோம். ஒன்றரை வருடம் ஞாயிறுதோறும் சமோசா தின்றோம், ஒருவரையொருவர் வாரினோம். அவள் மட்டம் போடுவதை நிறுத்தினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு வந்து பொய் சொல்லப் போரடித்துவிட்டது என்று அவளே சொன்னாள்.

பரீட்சை முடிந்து லீவுக்கு ஊருக்குப் போனவள் திங்கட்கிழமை கூப்பிட்டாள். திருப்பூரில் மில் வேலையாம், மூன்று வருடமாம். ஒரு அம்மா பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டிப் போகிறாராம். வியாழக்கிழமைக் கப்பலில் டிக்கெட் போட்டாகிவிட்டது. புதன்கிழமை பன்னிரண்டரைக் கான்வாயில் (அது என்ன என்று வழி சொல்லும்போது சொல்கிறேன்) போர்ட் பிளேருக்குக் கிளம்புகிறார்கள்.

"உனக்குப் போகணுமா?"

"வேணாம் மாமி. பன்னெண்டாவது முடிக்கணும். ஆனா சித்தப்பா மூஞ்சிய பாத்து என்னால சொல்ல முடியாது. நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க, போதும். நான் சொல்லிருவேன்."

"நான் உக்கார்ந்தா உங்க வீட்டு நாற்காலி தாங்குமா?"

"பாய் போடுறேன், வாங்க மாமி." சிரிக்கத்தான் செய்தாள். மூக்கு அடைத்திருந்தது.

சங்கத்தில் எங்களைக் கவனிக்கிற பெண் ஜான்சி. என் மகள் வயது, நல்ல பெண். அரசாங்கத்தில் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாள். பதினேழு முடிந்தவள், காப்பாளர் சம்மதம் இருக்கிறது, அந்தப் பெண்ணே வாயைத் திறந்து மாட்டேன் என்றால் தடுக்கலாம் என்று பதில் வந்தது. ஆக, அந்த ஒரு சொல்தான் எல்லாம். செவ்வாய் சாயங்காலம் ஜான்சி கடைக்கு வந்து, "மாமி, நாளைக்கு நீங்க ஃபர்ஸ்ட் கான்வாய்ல வர்றீங்கன்னு அவ சித்தப்பாவுக்கு போன் பண்ணிட்டேன்" என்றாள். சங்கத்தில் அப்படி ஒரு விதி உண்டு. யாருமே பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லாமல் போய் நிற்கக் கூடாது. ஒரு நாள் முன்னால் காப்பாளருக்குத் தகவல் போக வேண்டும். "டீ போட்டு வைக்கச் சொன்னியா?" என்று கேட்டேன். "சொல்லிட்டேன், சர்க்கரை கம்மியா" என்றாள். இருவரும் சிரித்தோம்.

இனி வழி. பஜாருக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம். பாராடாங் பக்கம் போகும் பஸ்கள் விடியுமுன் நாலு மணி வாக்கில் கிளம்பிவிடும். நான் போன தனியார் பஸ்ஸில் இருநூறு ரூபாய். (ஒரே டிக்கெட்தான் கேட்டார்கள், ஸ்டெல்லாவிடம் சொல்ல வைத்திருந்தேன்.) பெரார்கஞ்ச் தாண்டும்போது வயல் எல்லாம் இருட்டாகத்தான் இருக்கும், தூங்குங்கள். ஐம்பது கிலோமீட்டரில் ஜிர்க்காடாங் கேட். அங்கேதான் வண்டிகளைச் சேர்த்து வரிசை கட்டி, முன்னும் பின்னும் போலீஸ் வைத்து, ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் அனுப்புவார்கள். அதுதான் கான்வாய். முதலாவது ஆறு மணிக்கு. அடையாள அட்டை கட்டாயம். கேட்டில் டீ, வடை கிடைக்கும். வடை பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை, அந்த அம்மாவும் பிழைக்க வேண்டும்.

காட்டுக்குள் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். படம் எடுக்கக் கூடாது, எதையும் வெளியே கொடுக்கக் கூடாது, என்ன ஆனாலும் வண்டியை நிறுத்தக் கூடாது. சரியான விதி. அந்தக் காடு அவர்களுடையது, நாம்தான் குறுக்கே போகிறவர்கள்.

ஏழு மணி தாண்டியிருக்கும். எதிர்ப்பக்கத்துக் கான்வாய் வந்தது. அங்கிருந்து ஆறரைக்குக் கிளம்பியது. ரோடு ஒடுக்கம் என்பதால் இரண்டு வரிசையும் நத்தைபோல உரசிக்கொண்டு போகும். எதிர் பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என் ஜன்னலைத் தாண்டின. நாலாவது ஜன்னலில் கடுகு மஞ்சள் சுடிதார். கை கொஞ்சம் ஏறிப்போய் நான் தப்பாகத் தைத்த சுடிதார். அதற்குள் ஸ்டெல்லா.

அவளும் பார்த்தாள். வாய் திறந்தது. கண்ணாடியில் கையை வைத்தாள். நான் எழுந்து கண்ணாடியைத் தட்டினேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"டிரைவர் தம்பி! நிறுத்து, நிறுத்து! அந்த பஸ்ஸுல நம்ம புள்ள!"

"இங்கயா? மாமி, நிறுத்துனா என் லைசென்ஸ் போயிரும்."

"ஒரு நிமிசம்ப்பா!"

"அரை நிமிசம்கூட கிடையாது. பைட்டியே மாமி, உக்காருங்க, ப்ளீஸ். பின்னாடி போலீஸ் வண்டி வருது."

உட்கார்ந்தேன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கை எட்டுகிற தூரத்தில் அவள் தெற்கே போனாள், நான் வடக்கே போனேன். போனில் சிக்னல் இல்லை. இறங்கித் திரும்பவும் முடியாது. பக்கத்தில் தேன்நிலவுக்கு வந்த ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள். எனக்குத் தெரிந்த எந்தக் கேலியும் அப்போது வாயில் வரவில்லை.

காடு முடிகிற இடம் மிடில் ஸ்ட்ரெயிட். அங்கிருந்து ஃபெர்ரி, பத்து ரூபாய், கால் மணி நேரம். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, அழகு என்பார்கள். அக்கரையில் ஷேர் ஜீப். ஸ்டெல்லா வீட்டுக் கதவில் பூட்டு. ஒருவேளை நான் பார்த்தது வேறு பிள்ளையோ என்று அதுவரை ஒரு ஓரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா கையில் ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தார்.

"போர்ட் பிளேர் தர்ஜி மாமி, துணி தைக்கிறவங்க, நீங்கதானா? சுபே சுபே, விடியக்காலையிலேயே போய்ட்டாங்க. மத்தியானம்தான் போறதா இருந்துச்சு. நேத்து சாயங்காலம் ஏதோ ஆபீஸ் போன் வந்துச்சாம், நீங்க வர்றீங்கன்னு. உடனே சாமான் கட்டிட்டாங்க."

"அந்தப் புள்ள எதாவது சொல்லுச்சா?"

"மாமி வரட்டும், மாமி வரட்டும்னு அழுதுச்சு. அவரு ஒண்ணும் அடிக்கலை, திட்டலை. உங்களுக்கு டீ குடுக்கச் சொன்னாரு. சீனி கம்."

சர்க்கரை கம்மியாகத்தான் இருந்தது. நின்றபடியே குடித்தேன். குடிக்காமல் போனால் அந்த அம்மாவின் முகம் வாடிவிடும்.

ஒன்பதரைக் கான்வாயைப் பிடித்துத் திரும்பினேன். சிக்னல் வந்ததும் ஜான்சியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.  "நான்தான் மாமி..." என்றாள் அவள். "நீ விதிப்படி செஞ்ச, விடு" என்றேன். சொன்னேனே தவிர, அதில் என்ன ஆறுதல் இருக்கிறது? அவர்கள் எந்த வீட்டில் தங்கினார்கள் என்று இருட்டும்வரை தேடினோம். சித்தப்பா போனை அணைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையிலேயே நானும் ஜான்சியும் ஹாடோ துறைமுகக் கேட்டில் நின்றோம். மெயின்லேண்ட் கப்பல் என்றால் திருவிழாக் கூட்டம்தான். பெட்டி, சாக்கு, தென்னங்கன்று, கோழிக்கூடை. ஒரு வேனில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகளோடு அவர்கள் வந்து இறங்கினார்கள். சித்தப்பா என்னைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"வாங்கக்கா. எதுக்கு அவ்ளோ தூரம் அலைஞ்சீங்க? உங்களுக்குச் சிரமம் வேணாம்னுதான் நாங்களே கெளம்பி வந்துட்டோம். டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன் தம்பி. ரெண்டு நிமிசம் நான் இவகிட்ட தனியா பேசிக்கிறேன்."

"என்ன தனியா, எல்லாரும் சொந்தம்தானே? இங்கயே கேளுங்க."

ஜான்சிதான் கேட்டாள். அவள்தான் கேட்க வேண்டும், அதுதான் முறை. "ஸ்டெல்லா, உனக்குப் போக இஷ்டமா? இல்லைன்னா இப்பவே சொல்லு. நாங்க இருக்கோம்."

அவளுக்கு ஒரு பக்கம் சித்தப்பா. இன்னொரு பக்கம் கூட்டிப் போகிற அம்மா, கையில் எல்லார் டிக்கெட்டும். நான் அவளுக்கு எதிரே நின்றேன். பக்கத்தில் உட்காருங்கள் என்றுதான் அவள் கேட்டிருந்தாள். உட்கார அங்கே இடமில்லை. ஒரே ஒரு சொல். நான் மனதுக்குள் அதை நூறு தடவை அவளுக்காகச் சொன்னேன்.

"ஹாங் மேடம்," என்றாள் இந்தியில். "அப்னி மர்ஜி சே." ஆமாம் மேடம், என் விருப்பம்தான் என்று பொருள். அவள் எங்களிடம் தமிழில்தான் பேசுவாள். ஒரு ராத்திரியில் யாரோ சொல்லிக்கொடுத்துப் பாடமான வாக்கியம் அது.

"ஸ்டெல்லா," என்றேன். "குடை."

அவள் சிரிக்கவில்லை. "போயிட்டு வர்றேங்க," என்றாள், வெளி ஆளிடம் சொல்வதுபோல. வரிசை நகர்ந்தது. சித்தப்பா அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பாரமாக இருந்ததோ என்னவோ, தோள் மாற்றிக்கொண்டார்.

கப்பல் சென்னை சேர மூன்று நாள் ஆகும். ஆறு வாரம் ஆகிவிட்டது. அவள் எண் அணைந்தே கிடக்கிறது. சித்தப்பா இப்போது எடுக்கிறார். "நல்லா இருக்காக்கா, போன் உள்ள விட மாட்டாங்களாம்" என்கிறார், மரியாதை குறையாமல். சங்கத்தில் விதியை மாற்றலாமா என்று கூட்டம் போட்டார்கள். மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொல்லாமல் வீட்டுக்குள் நுழைகிற பெரியவர்களால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அந்த விதி அவர்களுக்காக வந்தது. ஆக, விதியும் சரி, டிரைவரும் சரி, ஜான்சியும் சரி. அவள் மட்டும் போய்விட்டாள். வேறொரு பிள்ளைக்குத் துணையாக வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது கடையைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

என்னைப்போல வீடு தேடிப் பாராடாங் போகிறவர்களுக்குச் சில விஷயம். அடையாள அட்டையை மறக்காதீர்கள். சாப்பாடு கையில் கொண்டு போங்கள். கான்வாய் நேரம் மாறும், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஜிர்க்காடாங்கிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், பிறகு ஒன்றரை மணி நேரம் கிடையாது. மழைக்காலத்தில் ஃபெர்ரி தாமதமாகும். கப்பல் ஏறப் போகிறவர்களை நிறுத்த வேண்டியிருந்தால் பாராடாங் போகாதீர்கள். நேராக ஹாடோவுக்குப் போங்கள். டிக்கெட் இல்லாதவர்களில் வீட்டு ஆளை மட்டும் ஹால் வரை விடுகிறார்கள். கேட்டில் நிற்கிறவர், "அந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்பார். என்னையும் கேட்டார். என்ன பதில் சொன்னால் உள்ளே விடுவார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். அந்தக் கேட்டுக்குப் போகிற வேறு யாருக்காவது உதவும்.