பக்கத்து வீட்டில் வாங்கிக் குடித்த தண்ணீர்

போன வருடம் பங்குனி மாதம், சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் நடந்தது. அன்றைக்கு இருந்தது நான். என் வீட்டுக்காரி. பக்கத்து வீட்டு மதினி. பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் டிரைவர். வேனுக்குள் வேலை முடிந்து வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். மதினி சொந்தம் கிடையாது. அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழக்கம். அதனால் மதினி.

நான் ஆலையில் காய வைக்கிற மேடையில் வேலை பார்த்தவன். நாள் முழுக்க வெயில். ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து ஊற்றினால் ஒரே மூச்சில் முடிப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த குடி. வேறு குடி இல்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், தை மாதம் குடல் முறுக்கிக்கொண்டது. மதுரையில் ஆபரேஷன். சிறுகுடல் கறுத்துப்போய்விட்டது என்று வெட்டி எடுத்தார்கள். மிச்சம் ஒரு மீட்டர் சொச்சம். அதன் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து ஒரு பை மாட்டினார்கள். தின்பதும் குடிப்பதும் அதில் வந்து விழும். உடம்பு தேறினால் பெருங்குடலோடு சேர்த்துவிடலாம், அதுவரை இப்படித்தான் என்றார்கள்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வேளைச் சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக. உப்புத் தூக்கலாக. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. சாப்பிடும்போது எதுவும் குடிக்கக் கூடாது. பொட்டலத்து உப்புச் சர்க்கரையைக் கரைத்து நாள் முழுக்க வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு டம்ளர். காப்பியும் டீயும் அந்த இரண்டுக்குள்.

படித்தேன். நம்பவில்லை. பையில் தண்ணீராகப் போகிறது. போவதற்குத் தக்கன குடித்தால்தானே ஈடாகும். இது என் கணக்கு.

வீட்டுக்காரி தாளை நம்பினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மதினி வீட்டில் வைத்துவிட்டாள். காலையில் இரண்டு டம்ளர் அளந்து வைப்பாள். உப்புத் தண்ணீரைக் கரைத்து வைப்பாள். பிறகு ஆலைக்கு வேன் ஏறிவிடுவாள். அவள் ஒருத்தி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

நான் தனியே கிடப்பேன். உப்புத் தண்ணீர் குமட்டும். தெருவில் தண்ணீர் லாரி வந்து நிற்கும். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். முதலில் கனமாக விழும், நிறைய நிறைய மெலிசாகும். அது எத்தனையாவது வீட்டுக் குடம் என்று படுத்தபடியே சொல்வேன். சோறு கேட்கவில்லை, கறி கேட்கவில்லை. ஒரு சொம்பு, அண்ணாந்து. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குள் இரண்டு டம்ளரும் தீர்ந்துவிட்டது. மதினி வீட்டுக்குப் போனேன்.

"என்ன கொழுந்தனாரே, பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டீக. சந்தைக்கா?" என்றார். அந்தப் பையைப் பார்த்து முகம் சுளிக்காத ஆள் அவர்.

"தண்ணி குடுங்க மதினி."

"ஒங்க வீட்டுக்காரி என்னைய உரிச்சு உப்பு தடவிருவா."

"தண்ணி கேட்டு வந்தவனுக்கு இல்லைன்னு சொல்வீகளா?"

மதினி சொம்பை எடுத்தார். எங்கள் பக்கம் தண்ணீருக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. ஆகாதவன் வந்து கேட்டாலும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மற்றது. அது தெரிந்துதான் அப்படிக் கேட்டேன்.

மூன்று சொம்பு குடித்தேன். நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அரை மணியில் பை நிறைந்தது. கொட்டினேன். மறுபடி நிறைந்தது. குடித்ததற்கு மேல் வந்தது. தாகம் முன்னைவிட ஏறியது. திரும்பப் போனேன். என் உதட்டைப் பார்த்துவிட்டு மதினியே ஊற்றினார். எத்தனை தடவை போனேன் என்று தெரியாது. காலையிலிருந்து ஒரு சொட்டு ஒன்றுக்கு வரவில்லை. சாயங்காலம் கெண்டைக்கால் முறுக்கியது. விரல் மடங்கிக்கொண்டது. மதினி வாசலில் விழுந்தேன்.

அந்நேரம் வேன் வந்தது. வீட்டுக்காரி இறங்கினாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த சொம்பைப் பார்த்தாள்.

"வண்டியத் திருப்புங்க. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு" என்றாள். மதுரைக்குப் பிறகு அங்கேதான் காட்டி வந்தோம்.

என்னைத் தூக்கிப் போட்டார்கள். வேனிலிருந்த பெண்கள் ஒருத்தரும் இறங்கவில்லை. அவர்கள் கை காலெல்லாம் வெடி மருந்துப் பொடி மினுங்கியது.

"இப்படியே போனா வார்டுக்குள்ள விடுவாகளா?" என்றது ஒரு குரல்.

"ஒன்னைய எவ உள்ள வரச் சொன்னா? நீ வெளிய நில்லு. அவரு காலைத் தேச்சு விடு மொதல்ல" என்றாள் இன்னொருத்தி.

ஆனைக்குட்டம் பக்கம் அணைத் தண்ணீர் தூரத்தில் தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன்.

"மாமா, கெடக்கிறதே அடியில கொஞ்சம். ஒங்கள எறக்கிவிட்டா அணை காலி" என்றார் டிரைவர். பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் பாட்டில் ஏற்றினார்கள். இன்னும் ஒரு பொழுது விட்டிருந்தால் கிட்னி நின்றிருக்கும் என்றார் டாக்டர். மறுநாள் ஒரு நர்ஸ் உட்கார்ந்து சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குக் கொடலு கொஞ்சந்தான் மிச்சம். வெறுந்தண்ணி அதுக்குள்ள போனா நிக்காது. ஒடம்புல இருக்க உப்பையும் இழுத்துக்கிட்டுப் பையில விழுந்துரும். உப்புப் போனா பின்னாலயே தண்ணியும் போகும். குடிக்கக் குடிக்கக் காய்ஞ்சு போவீக. உப்பும் சர்க்கரையும் சேந்து போனாத்தான் ஒடம்பு பிடிச்சு வைக்கும்."

தாளில் இருந்ததும் அதுதான். அன்றைக்குத்தான் விளங்கியது.

பிறகு மதினி பஸ் ஏறி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"தப்பு என்னுது மதினி" என்றேன்.

"தண்ணி குடுத்தே ஆளக் கொல்லப் பாத்தவன்னு பேராயிப் போச்சு. இனி என் வீட்டுல எவன் மோரு குடிப்பான்?" என்றார். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கொடத்த ஏன் எங்கிட்ட வச்சா தெரியுமா? நீங்க எடுத்துக் குடிச்சிருவீகன்னு மட்டுமில்ல. அவ குடிக்கிற சத்தம் ஒங்க காதுல விழக்கூடாதாம். வேல விட்டு வந்ததும் என் அடுப்படியில நின்னுதான் குடிப்பா. வாயத் தொடச்சிட்டுத்தான் ஒங்க வாசப்படி ஏறுவா. லீவு நாள்ல பொழுதுக்கும் பச்சத் தண்ணி கெடையாது அவளுக்கு."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின் வாய் வைத்து உறிஞ்சப் பழகினேன். உப்புத் தண்ணீரை மண்பானையில் குளிர வைத்தால் குமட்டல் குறைகிறது. ஆறு வேளை தின்கிறேன். பையில் வருவதையும் ஒன்றுக்குப் போவதையும் அளந்து எழுதுகிறேன். எடை கூடட்டும், குடலைச் சேர்ப்பதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். இன்னும் சேர்க்கவில்லை.

குடத்தை வீட்டுக்கு எடுத்துவரச் சொன்னேன்.

"எதுக்கு? பாத்துக்கிட்டே கெடக்கவா?" என்றாள்.

"நீ குடிக்கத்தான்" என்றேன்.

முதல் வாரம் என் பக்கம் முதுகைக் காட்டிக் குடித்தாள். திரும்பி நிற்கச் சொன்னேன். இப்போது வேன் விட்டு இறங்கியதும் என் முன்னால் நின்று அண்ணாந்து குடிக்கிறாள். சொம்பிலிருந்து தண்ணீர் இறங்குவதையும் அவள் தொண்டை அசைவதையும் பார்ப்பேன். எனக்கும் வேண்டும் என்றுதான் இருக்கிறது. அது போகாது. ஆனால் அந்த இரண்டு மாதம் தாகத்தோடு இருந்தது நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை எண்ணுவேன். நேற்று பத்தொன்பது மடக்கு.