கோலுக்கு முன்னால் உருண்டவர்

பினாங்கில் நாங்கள் வெறுங்காலோடு பந்து ஆடிய காலத்தில், பாடாங் என்கிற ஊர்த் திடலைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். தூண் மாதிரிக் கால்கள், முறுக்கு மீசை, கையை விட்டு இறங்காத விளக்குமாறு. அவர் பேசினாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இறுதி ஆட்டத்தன்று எங்கள் ஆதரவாளர்கள், ஜெயிக்க வேண்டுமென்று கோலுக்கு நேர் முன்னால் தேங்காய் உடைத்துவிட்டார்கள். புல்லெங்கும் ஓட்டுச் சில்லு. முதல் பாதியில் எதிரணிக் கோல்காரனும், அடுத்த பாதியில் நானும் விழுந்து பந்து பிடிக்க வேண்டிய இடம் அது.

அவர் நடுவே வந்து நின்றுகொண்டார்.

"தேங்காய் சாமிக்கு, சரி. சில்லு யாருக்கு? இந்தத் தம்பி முட்டிக்கா? பொறுக்குங்க லா!"

உடைத்தவர்கள் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். பிறகு அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அந்த இடம் முழுக்க உருண்டார்.

"அண்ணே, தண்ணீர்மலைக் கோயில் அந்தப் பக்கம்!" என்று கூட்டம் கத்தியது.

எழுந்து என்னிடம் முதுகைக் காட்டினார். "கீறல் இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப பயப்படாம விழு."

விழுந்தேன். கடைசி நேரத்தில் மூலைக்குப் போன பந்தைப் பாய்ந்து பிடித்தேன். ஒரு கோலில் ஜெயித்தோம். எங்களாட்கள் என்னைத் தோளில் தூக்குமுன் அவர் ஓடிவந்து என் முட்டியையும் முழங்கையையும் புரட்டிப் பார்த்தார். அப்படியே தோற்ற கோல்காரனிடம் போய் அவன் முட்டியையும் பார்த்தார். எங்கேயும் கீறல் இல்லை. விளக்குமாற்றைத் தலைக்கு மேலே தூக்கி, "ஜெயிச்சாச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் எங்கள் கூச்சல் அமுங்கிப்போனது.

அவர் எந்தக் கட்சி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.