உளவாளி குதித்ததைக் குருநகரில் பார்த்தோம்

1993இல் நெல்லியடியிலிருந்து குருநகருக்கு நான் சைக்கிள் மிதித்தது ஒரு வீடியோ பார்க்க. வருடக்கணக்காக வந்துகொண்டிருக்கும் ஆங்கில உளவாளிப் படங்களில் ஒன்றை எப்படி எடுத்தார்கள் என்று காட்டும் வீடியோக் கொப்பி அது. குருநகர் மீனவர் அன்ரன் அண்ணைக்கு வெளிநாட்டிலிருந்து தம்பி கொடுத்துவிட்டது. மலையிலிருந்து கடலில் குதிப்பது கதாநாயகனேதான் என்று நானும், இல்லையென்று நண்பன் சிவாவும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நாட்கள்.

இருபத்தெட்டு கிலோமீற்றர் இருக்கும். வல்லை வெளியில் எதிரே வீசிய சோளகக் காற்று சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளியது. புத்தூரில் சிவா சேர்ந்துகொண்டான். இப்போது போகிறவர்களுக்கு பஸ் இருக்கிறது. சைக்கிள்தான் என்றால் விடியவே வெளியைக் கடந்துவிடுங்கள், புத்தூரில் தண்ணீர் நிரப்புங்கள்.

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். போர்க்காலம், குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றர் முற்றத்தில் இரைந்தது. திரையில் கதாநாயகன் குடை நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அதே உடுப்பில் வேறொருவர் மலை விளிம்பில் நின்றார். சிவா என் விலாவில் இடித்தான். எனக்குத் தோற்றது வலிக்கவில்லை. வாய் பிளந்து பார்த்தேன். கீழே நாலு படகுகள், நீரில் பாயத் தயாராகச் சுழியோடிகள், ஒரு வைத்தியர். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கையை விரித்த நேரம் வெளியே யாரோ கத்தினார்கள்: "பொம்மர் வருது!"

அன்ரன் அண்ணை ஜெனறேற்றரை நிற்பாட்டினார். குண்டுவீச்சு விமானத்துக்குப் பயந்து வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் எல்லோரும் இறங்கினோம். தொலைவில் இரண்டு குண்டுகள் விழுந்தன. தலையில் மண் உதிர்ந்தது. இருட்டுக்குள் அண்ணையின் மனைவி மேரி அக்கா கேட்டார்: "அந்த மனிசன் தப்பியிருப்பானோ?"

சத்தம் அடங்கி மேலே வந்தபோது வீடு நின்றது. அண்ணை திரும்பப் போட்ட ஜெனறேற்றர்தான் கொஞ்சம் இரைந்துவிட்டு அணைந்தது.

"எண்ணெய் முடிஞ்சுது, நாளைக்குப் பாப்பம்," என்றார் அண்ணை.

"பொறுங்கோ." மேரி அக்கா உள்ளே போய், இரவுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்தார். "நாங்கள் இண்டைக்கு இருட்டிலை இருப்பம். அவன்ரை பாடு என்னெண்டு அறியாமல் எனக்கு நித்திரை வராது."

எண்ணெய் ஊற்றி வீடியோவைத் திரும்பப் போட்டதும், மலை விளிம்பில் நின்றவர் குதித்தார். இத்தனை வருடமும் கமெராத் தந்திரம் என்று நான் நினைத்திருந்த உயரம் அது. மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நீருக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு ஒரு தலை தெரிந்தது. நாலு படகுகளும் அவரை நோக்கிப் பாய்ந்தன, வைத்தியர் போர்வையால் சுற்றினார், படகில் யாரோ அழுதார்கள்.

"ஒரு மனிசன் சாகாமல் விழ இத்தினை பேர் நிக்கினமோ!" என்றார் மேரி அக்கா.

"அண்ணை, இன்னொருக்காப் போடுங்கோ," என்றான் சிவா.

எண்ணெய் தீரும்வரை போட்டோம். அவர் மூன்று தரம் குதித்தார். மூன்று தரமும் உயிரோடு வெளியே வந்தார்.