சிரிக்காத முகங்கள்

என் மாமா மகனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அவன் ஒரு வாயாடி. மாமன் மச்சான் முறையில் கேலி செய்வது எங்கள் மலையில் உரிமை. கேலி செய்யாவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். அந்த உரிமையில்தான் ஊர்ப் பொங்கலன்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு என் தம்பியிடம் சொன்னான்: "மச்சான், நாளிக்கு உன்ன கட்டிப் போட்டு ஜீப்புல ஏத்தப் போறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். தம்பிக்கு மனச்சிதைவு நோய். அன்று மாலையே காட்டுக்குள் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து மலையடிவாரத்தில் அமிர்திப் பக்கம், கால் முழுக்க முள்ளோடு கிடைத்தான். ஒரு தமாஷுக்குத்தானே சொன்னேன் என்றான் மாமா மகன்.

திருப்பத்தூரில் தம்பியைப் பார்க்கும் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். ஆபத்தைக் கண்டால் அது உஷார்ப்படுத்தும். இந்த நோய் உள்ள சிலருக்கு, எதையுமே காட்டாத முகத்தைப் பார்த்தாலும் அது உஷாராகிவிடுமாம். எதிராளி மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க உதவும் முன்பக்க மூளையும் சரியாகக் கைகொடுக்காது. கேலியும் நிஜமும் ஒன்றுபோலவே போய்ச் சேரும். "அவரே புரிஞ்சுக்கட்டும்னு விடாதீங்க. கோவமோ சந்தோஷமோ, வாயால சொல்லிடுங்க" என்றார். தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பும்போது மனதில் ஓடியதோ வேறு. முகம் புரியாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்று மாமா மகனுக்குக் காட்ட வேண்டும்.

என் மகளின் காதுகுத்து அதற்கு வாய்த்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவோம். தம்பி அத்தனை பேர் நடுவில் உட்காருவானா என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை. "நான் குந்திக்கிறேன்க்கா" என்று அவனே சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

முந்தின நாள் வீடு வீடாகப் போனேன். மாமா மகன் என்ன சொன்னாலும் சிரிக்காதீர்கள், கோபமும் காட்டாதீர்கள், கழுவி வைத்த தட்டு மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவனிடம் கேலி வாங்காதவர்கள் யார்? சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் மாமா மகன் வந்ததும் ஒரு கேலியை எடுத்துவிட்டான். ஒருவரும் அசையவில்லை. இன்னொன்று சொன்னான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். மூன்றாவதற்குக் குரல் இறங்கிவிட்டது. "இன்னா, எல்லாரும் ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்றான். எனக்குத் தித்தித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆசாரி ஊசியை எடுத்தபோதுதான் தம்பியைப் பார்த்தேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் என் முகத்தைப் பார்த்தான். அதுவும் கழுவி வைத்த தட்டாகத்தான் இருந்தது. குழந்தையை இறக்கிவிட்டு வெளியே போய்விட்டான்.

டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுந்திருப்பதற்குள் மாமா மகன் ஓடினான். பின்னாலேயே போனேன். புளியமரத்தடியில் தம்பி பக்கத்தில் அவன் குந்தியிருந்தான்.

"மச்சான், எனக்குக் கோவம் இல்ல. நான் எது சொன்னாலும் யாரும் சிரிக்கல. எனக்குப் பயமா கீது."

தம்பி அவன் முகத்தைப் பார்த்தான். "எனக்கு தெனமும் இப்படித்தான் கீது" என்றான்.

மாமா மகன் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஜீப் என்று சொன்னது பொய், உன்னை யாரும் கட்ட மாட்டார்கள் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டான். தம்பி எழுந்து வந்து உட்கார்ந்தான். மகள் வீறிட்டாள். இரண்டு காதும் தாய்மாமன் மடியிலேயே குத்தி முடிந்தது.

வாயால் சொல்லிவிட வேண்டும் என்று மாமா மகனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை; ஆனாலும் சொன்னான். எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அதற்காகவும் அவனை நான் மன்னிக்கப் போவதில்லை.