செம்பூரில் ஊதிய போங்கா

செம்பூருக்குப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்பதுண்டு. வழியோடு, நான் அங்கே முதல்முறை போன கதையையும் சொல்லிவிடுகிறேன். 1985 மே மாதம், கோடை விடுமுறை. நான் அப்போது தூத்துக்குடியில் தமிழாசிரியை. அக்கா சந்திராவின் வீடு பம்பாய் செம்பூரில் மூன்றாவது மாடி. அத்தானுக்குப் பக்கத்து ரசாயன ஆலையில் ஃபிட்டர் வேலை.

தாதரில் இறங்கி, லோக்கலில் குர்லா. அங்கே பிளாட்பாரம் மாறி ஹார்பர் லைன் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் செம்பூர். காலை பத்து மணிக்கு முன்னால் பெட்டி படுக்கையோடு லோக்கலில் ஏற நினைக்காதீர்கள். ஏறினாலும் இறங்க முடியாது.

போய்ச் சேர்ந்த மறுநாள் மதியம் அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆலைப் பக்கமிருந்து ஊளைச் சத்தம் எழுந்தது. எங்கள் ஊர் மில்லிலும் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும். அதுபோலத்தான் என்று நினைத்து ரசத்தை ஊற்றிக்கொண்டேன். கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால், தரைத்தளத்துக் கீழ்வீட்டு சாந்தாபாய் மூச்சிரைக்க நின்றார். வாசல் பக்கம் கையை நீட்டி, "போங்கா, போங்கா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஒருத்தி என்னைப் 'போங்க' என்கிறாளே!

"நான் ஏன் போகணும்? இது எங்க அக்கா வீடு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மறுபடி இலை முன்னால் உட்கார்ந்தேன். அவர் விடவில்லை. உள்ளே வந்து என் சோற்றுக்கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் அக்கா ஈரத்தலையோடு வந்துவிட்டாள்.

"கை கழுவாண்டாம், ஏந்திரிடி. கேஸு" என்றாள்.

போபால் விஷவாயு விபத்து நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. படியிறங்கும்போதே மூக்கில் காரமாக நெடி ஏறியது. காற்றுக்குக் குறுக்காக நடந்து, ஒரு மைதானத்தில் போய் நின்றோம். அக்கா ஆலைச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தாபாய் அவள் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டார். சாயங்காலம் அத்தான் சைக்கிளில் வந்தார். குழாயில் சிறு கசிவு, அடைத்தாயிற்று, யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். அக்கா அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

மராத்தியில் போங்கா என்றால் ஆலைச் சங்கு என்று அன்றிரவு தெரிந்துகொண்டேன். நான் கேட்டது 'போங்க' என்று அக்கா விளக்கியதும் சாந்தாபாய் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எனக்கோ, ஆபத்துக்கு எந்த மொழியில் என்ன பேர் என்று கேட்கும் வார்த்தைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மறுவாரம் மாட்டுங்காவில் காபி குடித்த இடத்தில் (ஒரு ரூபாய், நல்ல டிகிரி காபி) கல்லாவில் இருந்த கன்னடக்காரர், தங்கள் மொழியில் 'எச்சர' என்றால் விழிப்பு என்றார். நம் எச்சரிக்கை அதற்கு உறவு. அங்கிருந்து நடந்தே தாராவி. அத்தானின் நண்பர், மேலப்பாளையத்துக்காரர் சாகுல் பாய் அங்கே தோல்பட்டறை வைத்திருந்தார். 1982 மில் ஸ்டிரைக்குக்குப் பிறகு பல போங்காக்கள் ஊதுவதே இல்லை என்றவர், "சங்குன்னு மட்டும் ஆபத்துக்குப் பேரு வச்சிராதிய டீச்சர். நம்மாளுவ ஆரு மவுத்தானாவன்னுதான் கேப்பாவ" என்றார். நம் பக்கம் சாவு வீட்டிலும் சங்கு ஊதுவார்களே. அலாரம் இத்தாலிய மொழியில் 'ஆயுதம் எடு' என்ற கூவல் என்பதும், சைரன் கிரேக்கக் கதைகளில் பாடி மயக்கி மாலுமிகளைக் கொன்ற பெண்களின் பெயர் என்பதும் பின்னால் அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டவை.

அந்த ஞாயிறு கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆபத்து வந்தால் எல்லா மொழிக்காரருக்கும் புரிகிற மாதிரி என்ன சொல்லிக் கத்துவது என்று பேச்சு. நான் பெருமையாக 'அபாய அறிவிப்பு' என்றேன்.

"நீ அதைச் சொல்லி முடிக்கதுக்குள்ள கேஸ் மூக்குக்குள்ள போயிரும்" என்றாள் அக்கா.

போங்காதான் என்று முடிவானது. மராத்திக்காரருக்குச் சத்தத்தின் பெயர். தமிழருக்குச் செய்ய வேண்டிய வேலை.

செம்பூருக்குப் போகிறவர்களுக்கு: மே மாதம் வேண்டாம், டிசம்பர் நல்லது. மாட்டுங்காவில் காபியைத் தவறவிடாதீர்கள். போய் இறங்கிய அன்றே கீழ்வீட்டுக்காரரிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். மூன்று மாடி ஏறிவந்து உங்கள் எச்சில் கையைப் பிடித்து இழுக்கப்போகிறவர் அவராக இருக்கலாம்.