பிள்ளைப்புரைக்கு நான் அனுப்பாத பிள்ளை

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். ஆனால் இராஜாக்கமங்கலம் பொழிக்கரையில் கயிறு திரிக்கிற ராட்டை முதன்முதலில் சொந்தமாக நிறுத்தியவன் நான்தான். வேறு எவனாவது உரிமை கொண்டாடினால் அது பொய். அப்பன் வைத்துவிட்டுப் போனது ஓர் ஓலைக்குடிசை மட்டுமே. மகாராஜா கோவில்களை எல்லாச் சாதிக்கும் திறந்துவிடுவதற்கு நாலைந்து வருடம் முன்னால், இருபத்தாறு வயதில், என்னை முதலாளி என்று கூப்பிட்டார்கள்.

ஆறு பெண்கள் என் களத்தில் கதம்பல் அடித்தார்கள். பொழித் தண்ணீரில் ஊறி அழுகிய தேங்காய் மட்டையைக் கம்பால் அடித்து நார் எடுக்கும் வேலை. ஆறில் ஒருத்தி என் மனைவி. அவள் கை வேகம் மற்றவர்களுக்கு வராது; அதில் எனக்குப் பெருமை. ஆறு பேருக்கும் கைக்குழந்தை. தென்னைக்குத் தென்னை சேலையில் தொட்டில். பிள்ளை அழுதால் வேலை நிற்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடுகளவு கறுப்பு, அதாவது அபின், தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவிவிடுவது. பிள்ளை உச்சி வெயில் சாயும்வரை தூங்கும். யாரும் தப்பாக நினைக்கவில்லை. கோட்டாற்றிலிருந்து வாங்கிவந்து ஆறு பேருக்கும் நானே கொடுத்தேன்; தாராள மனசுக்காரன் என்று பேரும் எடுத்தேன்.

அந்த வருடம் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் ஊர்க்கோடியில் ஒரு கொட்டகை போட்டு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிள்ளைப்புரை என்று அதற்குப் பேர். நடத்தியவர் ஒரு விதவை, ஆசிரியம்மா என்போம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். தேங்காய்ச் சிரட்டையில் பயற்றங்கஞ்சி கொடுப்பார். தவழ்கிற பிள்ளைக்கு மணலும் புன்னங்காயும். பேச்சு வராத பிள்ளையிடமும் நாளெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார். "இவ காக்காட்டயும் கதை சொல்லுவா போல," என்று நான் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் களத்துக்கே வந்துவிட்டார். தொட்டில் தொட்டிலாகக் குனிந்து, பிள்ளைகளின் இமையை விரித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது உறக்கமில்ல. ஆறையும் எங்கிட்ட விடும். உச்சைக்கு தாய்மாரு வந்து பால் குடுத்துட்டு போட்டும்."

மறுத்தால் ஊரில் என் பேர் கெடும். கூலிக்காரிகள் ஐந்து பேரும் அனுப்பட்டும் என்றேன்.

"உம்ம பிள்ளை?"

"எம் பிள்ளை கூலிக்காரி பிள்ளையளுக்க கூட இருந்து கஞ்சி குடிக்கணுமாக்கும்?"

"பிள்ளைக்கு பசிதான் தெரியும் அண்ணாச்சி. முதலாளி தெரியாது."

என் மனைவி கம்பைக் கீழே போட்டாள். "முதலாளி பிள்ளைன்னா நான் எதுக்கு கதம்பல் அடிக்கேன்? என்னைய தம்புராட்டியா வீட்டுல இருத்தும். இல்லைன்னா பிள்ளைய விடும்."

மற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. அவளை வீட்டில் இருத்த எனக்கு வழியில்லை. அவள் கை நின்றால் களமே நிற்கும். அதை நாலு பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை.

"கம்ப எடுட்டி," என்றேன். எடுத்தாள்.

மறுநாள் முதல் களத்தில் ஒரே ஒரு தொட்டில். கூலிக்காரிகளின் பிள்ளைகள் ஐந்தும் கறுப்பிலிருந்து தப்பின. முதலாளி பிள்ளைக்கு மட்டும் தடவினோம். தடவியது அவள் விரல். தடவச் சொன்னது நான். இரண்டு வருடத்துக்கு மேல்.

அந்த ஐந்தும் புன்னங்காயை எண்ணிச் சண்டை போட்டுக்கொண்டு ஓடித்திரிந்த வயதில், என் மகன் உட்காரவைத்த இடத்தில் எச்சில் வடிய உட்கார்ந்திருந்தான். அப்போது நானே அவனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைப்புரைக்குப் போனேன். ஆசிரியம்மா ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மடியில் வைத்துத் தினமும் பேசினார், ஒன்றரை வருடம். கயிற்றைப் பிடித்து நடக்கப் பழகினான். கஞ்சிக்குச் சிரட்டையை நீட்டக் கற்றான். பேச்சு மட்டும் வரவில்லை. "முன்னமே வந்திருந்தா..." என்று ஒருநாள் தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் நான் வளர்ந்த வளர்ச்சி ஊருக்கே தெரியும். நாற்பது ராட்டு, கொல்லம் வரைக்கும் என் கயிறு, கருங்கல்லில் இரண்டு மாடிக் கடை. அந்த ஐந்து பேரில் ஒருத்தி இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். நரைத்த தலையோடு என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் மகனைப் பார்த்து, பிறவிக் குறை என்கிறார்கள் ஊரார். என்மேல் உள்ள மரியாதைக்குச் சொல்கிறார்கள். நானும் இதுவரை ஆமாம் போட்டுவிட்டேன்.

அவன் பிறவியில் ஒரு குறையும் இல்லை. களம் தொடங்குவதற்கு முந்தின மாதம் என் மீசையைப் பிடித்திழுத்து, நான் கத்தக் கத்த விடாமல், வாய்விட்டுச் சிரித்தவன் அவன்.